தையற்காரி சொன்ன சினிமா

ஹைதராபாத், மூசாபேட்டை
3 ஜனவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்ரவந்தி எழுதுகிறேன். வயிற்றைத் தவிர மற்றபடி சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பாவா சௌக்கியமா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. தீபாவளியிலிருந்து ஆறு தடவை உன் எண்ணுக்குப் போன் செய்துவிட்டேன். ஆறு தடவையும் உன் வீட்டுக்காரர், பாவாதான் எடுத்தார். மூன்று தடவை நீ கோயிலுக்குப் போயிருந்தாயாம், மூன்று தடவை குளித்துக்கொண்டிருந்தாயாம். இவ்வளவு பக்தியும் சுத்தமும் நம் குடும்பத்தில் கிடையாதே என்று சந்தேகம் வந்தது. அதனால்தான் நீ வேலை பார்க்கும் ரத்னகுமாரி டீச்சரின் தையல் கூடத்து முகவரிக்கு இதைப் போடுகிறேன்.

இணையத்தில் வரும் எங்கள் சினிமா விமர்சன நிகழ்ச்சி 'மிளகாய் பஜ்ஜி'க்கு நாற்பது வாரம் ஆகிவிட்டது. விதி அதேதான். படத்தில் மூளைக்கு ஒவ்வாத ஒவ்வொரு காட்சிக்கும் நான் கேமரா முன்னால் ஒரு மிளகாய் பஜ்ஜி தின்ன வேண்டும். போன வாரப் படத்துக்குப் பத்தொன்பது. கேமராவும் எடிட்டிங்கும் பார்க்கிற கௌஸ், "படம் நல்லா இல்லாததுக்கு நீ ஏம்மா சாகணும்?" என்று கேட்டுக்கொண்டே மோர் கரைத்துக் கொடுத்தான். ஊர் சிரிக்கிறது, அக்கா. நீ சிரிக்கிறாயா என்று மட்டும் தெரியவில்லை.

அப்பா போன பிறகு எனக்கு நீ, உனக்கு நான். இரண்டு வரியாவது எழுது.

உன் ஸ்ரவந்தி

•

பாலகொல்லு
19 ஜனவரி 2023

என் சின்னத் தங்கத்துக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லாரும் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. நீ தினமும் இரண்டு வேளை தயிர் சேர்த்துக்கொள்.

போன் தண்ணீர் டிரம்மில் விழுந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறோம். வேறொன்றும் இல்லை.

சங்கராந்தி நன்றாகப் போனது. ஜயகேதுவின் 'அக்கினிப்புரம்' படம் வந்ததல்லவா? உன் பாவா ரசிகர் சங்கத்து மாவட்டத் தலைவர், அதனால் எங்களுக்குப் பண்டிகையே அதுதான். அரிசெலு அதிரசம்கூடச் சுட நேரமில்லை. திரையில் வீசுவதற்கு மூன்று நாள் உட்கார்ந்து கலர் காகிதம் வெட்டினேன். என் நல்ல கத்திரிக்கோல் மொட்டையாகிவிட்டது. காலை ஏழு மணிக் காட்சிக்குப் போனோம். அன்று மாலை ஒரு தடவை, மறுநாள் இரண்டு தடவை. மொத்தம் நாலு.

யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். படத்தில் அப்பாவும் மகனும் ஜயகேதுவேதான். அப்பாவுக்கு நரைத்த விக், மகனுக்குக் கறுத்த விக். நான் தையற்காரி, எனக்கு சட்டைதான் கண்ணில் படும். அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். மகன் அதே ரத்தக்கறைச் சட்டையை மாட்டிக்கொண்டு பழிவாங்கக் கிளம்புகிறார். ஒரு பிடிப்பு பிடிக்கவில்லை, ஒரு தையல் பிரிக்கவில்லை, அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது. பரம்பரை என்றால் இதுதான். பிறகு நூறு பேர் கத்தியால் அந்தச் சட்டையை முதுகில் கிழிக்கிறார்கள். அவர் திரும்பி நடக்கும்போது முதுகில் நேர்த்தியாக ஓவர்லாக் தையல் போட்டிருக்கிறது. அந்தப் போர்க்களத்தில் மெஷினோடு உட்கார்ந்திருந்த ஆள் யார்? என் கைதட்டல் முழுவதும் அவருக்குத்தான்.

நாலாவது தடவை பார்த்தபோது வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டேன். உன் பாவா நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹைமாவதி

•

ஹைதராபாத்
30 ஜனவரி 2023

அக்கா,

உன் பாதங்களைத் தொட்டுக்கொண்டே எழுதுகிறேன். சுகமெல்லாம் அப்புறம். முதலில் ஒரு குற்றம்.

உன் கடிதத்தை நிகழ்ச்சியில் படித்துவிட்டேன். பெயர் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. 'கோதாவரிப் பக்கத்துத் தையற்காரி ஒருத்தி எழுதியது' என்று மட்டும் சொன்னேன். எடிட்டிங்கில் அந்த ஓவர்லாக் வரி வந்ததும் கௌஸ் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தான். பதினாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நாற்பது வாரம் நான் தின்ற பஜ்ஜி அத்தனையும் உன் ஒரு தாளுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. எல்லாரும் "தையற்காரி அடுத்து எப்போ வருவாங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

கேட்காமல் செய்தது தப்பு. திட்டு. ஆனால் திட்டுகிற கடிதத்தோடு இன்னொரு படத்தைப் பற்றியும் எழுது. போன் சரியாகவில்லை என்றால் டீச்சர் போனிலிருந்து கூப்பிடு.

ஸ்ரவந்தி

•

பாலகொல்லு
20 பிப்ரவரி 2023

ஸ்ரவந்திக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

கேட்காமல் படித்தது தப்புத்தான். இரண்டு வாரம் கோபமாக இருந்தேன். அதனால்தான் பதில் தாமதம். டீச்சர் போனில் பேச முடியாது. இங்கே நாற்பது பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவார்கள். எனக்கு எழுதத்தான் வருகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆட்கள் பதினைந்து பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உன் நிகழ்ச்சியைப் பெரிய டிவியில் போட்டார்கள். கண்டனக் கூட்டமாம். நான் டீ கொண்டுபோனேன். நான் எழுதியதை நீ படிக்கிறாய், நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஓவர்லாக் வரி வந்ததும் நரசாபுரத்துப் பொருளாளர் டீ புரையேறி இருமினார். அது இருமல் இல்லை, சிரிப்பு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அங்கேயே அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள்.

உன் பாவா மேசையைத் தட்டிச் சொன்னார்: "எவளோ வீட்ல வேலை வெட்டி இல்லாதவ எழுதியிருக்கா." அன்றைக்கு நான் பதினோரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடித்திருந்தேன், ஸ்ரவந்தி. பதினைந்து டம்ளரையும் கழுவிவிட்டு உள்ளே போய் நோட்டைத் திறந்தேன்.

இதோடு நாலு தாள் இருக்கிறது. போன வாரம் அவர் கூட்டிப் போன இன்னொரு படத்தைப் பற்றி. படி. இந்தத் தடவை நானே சொல்கிறேன், படி.

அக்கா

•

ஹைதராபாத்
12 மார்ச் 2023

அன்பு அக்காவுக்கு,

வயிறு தேவலை. டாக்டர் ஒரு படத்துக்கு ஐந்து பஜ்ஜிக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டார். "டைரக்டர்களிடம் சொல்லுங்கள்" என்றேன்.

உன் நாலு தாளையும் படித்தோம். மாப்பிள்ளை வேட்டி கிணற்றில் குதித்தும் நனையாததைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடித்து வீடியோ போடுகிறார்கள். முதல் தடவை பார்த்தவர்களைவிட இருமடங்கு பேர்.

ரசிகர் சங்கத்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 'அக்கினிப்புரம்' பகுதியை நீக்கி, நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நான் யாருடைய மைத்துனி என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நோட்டீசை பஜ்ஜி மடிக்க வைத்துக்கொள்ளலாம் என்றான் கௌஸ். அவன் இடது கையில் கட்டு. ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டான். வேறொன்றும் இல்லை.

ஒன்று கேட்கட்டுமா? நேற்று மனசு கேட்காமல் உன் எண்ணுக்கு அடித்தேன். பாவா எடுத்தார். தண்ணீரில் விழுந்த போன் தெளிவாகவே பேசுகிறது.

ஸ்ரவந்தி

•

பாலகொல்லு
25 மார்ச் 2023

அன்புள்ள சகோதரி ஸ்ரவந்திக்கு,

நாங்கள் அனைவரும் நலமாக உள்ளோம். அவ்விடம் தங்கள் நலமறிய விரும்புகிறோம்.

கோடானுகோடி மக்களின் இதய தெய்வமான நெருப்பு நட்சத்திரம் ஜயகேது அவர்களைத் தாங்கள் இழிவுபடுத்தியதால் நமது குடும்பத்தின் கௌரவம் மிகவும் பாதிக்கப்பட்டுள்ளது. உடனடியாக அந்த வீடியோக்களை நீக்கிவிட்டு நிபந்தனையற்ற மன்னிப்புக் கோருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் இந்த வீட்டு வாசற்படியை இனி மிதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி ஹைமாவதி வீர்ராஜு

•

ஹைதராபாத்
2 ஏப்ரல் 2023

அக்கா,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

பாவாவின் இறால் தீவன ஏஜென்சியின் உறையில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து உன்னுடையது. ஆனால் அதில் ஒரு சொல்கூட உன்னுடையது இல்லை. நீ எனக்கு எப்போதிலிருந்து திருமதி ஆனாய்? 'கோடானுகோடி' என்கிற சொல்லை நீ எழுதும்போது பக்கத்தில் யார் நின்றார்கள்? எங்கே நின்றார்கள்? அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

நானும் உன்னிடம் பொய் சொன்னேன். கௌஸ் ஸ்கூட்டரிலிருந்து விழவில்லை. தியேட்டர் வாசலில் ரசிகர்களின் கருத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். எட்டுப் பேர் வந்தார்கள். என்னைத் தொடவில்லை, கேமராவைப் பிடுங்கினார்கள். அவன் விடவில்லை. மணிக்கட்டில் இரண்டு எலும்பு. போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, "ஒத்தக் கையில எடிட் பண்றது எப்படின்னு கத்துக்கிறேன். நீ வாயக் கட்டிக்காத" என்றான். அவன் அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்க முகமில்லை.

எட்டுப் பேருக்குப் பயந்து நான் எதையும் நீக்கமாட்டேன். ஆனால் உன் மேல் ஒரு விரல் படும் என்றால் இன்றைக்கே எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்த ஜயகேதுவின் கட்அவுட்டுக்கு நானே பால் ஊற்றுகிறேன். உண்மையைச் சொல். உன் சொந்த வார்த்தையில் ஒரு வரி போதும்.

காத்திருக்கிறேன்.

ஸ்ரவந்தி

•

பாலகொல்லு
21 மே 2023

என் தங்கத்துக்கு,

உயிரோடு நலமாக இருக்கிறேன். கௌஸ் தம்பியின் கை கூடிவிட்டதா? அவன் அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

ஏழு வாரமாக எழுதாததற்குக் காரணம் உண்டு. என்னைத் தையல் கூடத்துக்கு அனுப்பவில்லை. டீச்சர் மூன்று தடவை வீட்டுக்கு வந்து, பள்ளிச் சீருடை ஆர்டர் கெட்டுவிடும் என்று சண்டை போட்டு முந்தாநாள்தான் அழைத்து வந்தார். உன் கடிதத்தைத் தன் பைபிளுக்குள் வைத்திருந்தார்.

தண்ணீர் டிரம்மில் எதுவும் விழவில்லை. தசராவிலிருந்து போன் அவருடைய பீரோவில் இருக்கிறது. உன் நிகழ்ச்சி ஒன்றுக்குச் சிரிக்கிற பொம்மை போட்டு, சங்கத்துப் பெண்கள் குழுவில் அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவர் அடிக்கவில்லை. கத்தக்கூட இல்லை. கையை நீட்டினார், நான் கொடுத்தேன். அந்தக் கடிதம் எழுதியபோதும் அப்படித்தான். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னார், நான் எழுதினேன். எட்டு மாதமாக எது என்னை வதைத்தது தெரியுமா? அவர் வாங்கிக்கொண்டது இல்லை. நான் இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டேனே, அதுதான்.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உனக்கு முன்னால் நான் எப்போதும் பெரியவள்.

எதையும் நீக்காதே. ஜூன் நாலாம் தேதி ஜயகேது பிறந்தநாள். கல்யாண மண்டபத்தில் ரத்ததானம், கூட்டம், கேக். நம் குடும்பத்தின் சார்பில் நான் மேடையேறி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

நீ வராதே. நீ வந்தால் அவர்கள் உன்னைத்தான் பார்ப்பார்கள்.

ஹைமா

•

ஹைதராபாத்
27 மே 2023

அக்கா,

வருகிறேன் என்று மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ வேண்டாம் என்றதால் வரவில்லை. இதைவிடக் கஷ்டமான வேலையை நீ எனக்குக் கொடுத்ததில்லை.

கௌஸ் விரலை மடக்குகிறான். அவன் அம்மா உன் நமஸ்காரத்தை வாங்கிக்கொண்டு, "அந்தப் பொண்ண பயப்படாம இருக்கச் சொல்லு" என்றார்.

ஸ்ரவந்தி

•

பாலகொல்லு, தையல் கூடத்து மாடி
11 ஜூன் 2023

என் ஸ்ரவந்திக்கு,

சுகமாக இருக்கிறேன். இதை நான் எழுதுவது மாடி அறையிலிருந்து. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

மண்டபத்தில் ஆண்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். பின்னால் பெண்கள் ஐம்பது பேர். அதில் பாதிப் பேர் எங்கள் கூடத்துப் பெண்கள். சங்கத்துக் கொடி தைத்ததால் அவர்களுக்கும் அழைப்பு. பச்சைப் பட்டு கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார், கட்டிக்கொண்டேன். கையில் ஒரு காகிதம் கொடுத்தார். மூன்று வரி. மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். அவர் முதல் வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். பாவமாகக்கூட இருந்தது.

"நான் ஹைமாவதி. வீர்ராஜு சம்சாரம். என் தங்கச்சி தப்பு பண்ணிட்டான்னு சொல்லத்தான் என்னக் கூப்பிட்டாங்க. அவ ஒரு வரிகூட எழுதல. அவ படிச்சா, அவ்வளவுதான். எழுதினது நான். அந்தத் தையற்காரி நான்தான்."

யாரோ மைக் ஒயரைப் பிடுங்கினார்கள். நாற்பது மெஷின் ஓடும்போது பேசிப் பழகிய தொண்டை எனக்கு. மைக் இல்லாமலே பேசினேன்.

"படத்த நாலு தடவ பாத்தேன். கூட்டிட்டுப் போனதே நீங்கதான். பாத்தவ வாயத் திறக்கக் கூடாதுன்னா எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? அந்தப் படத்துல கதாநாயகிக்குப் பதினோரு வசனம், எண்ணிப் பாத்தேன். அவளாவது பரவால்ல. எனக்கு இந்தப் பேப்பர்ல மூணுதான் குடுத்திருக்காங்க."

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. பின்னாலிருந்து வந்தது. எங்கள் கூடத்துப் பெண்களிடமிருந்து எழும்பி, கேக்கைச் சுற்றி நின்ற பையன்களுக்குத் தாவி, முன் வரிசை வரைக்கும் வந்துவிட்டது. சிலர் எழுந்து கத்தினார்கள். ஒருவன் மேடைக்கு ஏற வந்தான். அவனைத் தடுத்தது யார் தெரியுமா? உன் பாவா. "அவ என் பெண்டாட்டி. எவனும் கிட்ட வராதீங்க" என்றார். அதை நான் மறுக்கமாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "எல்லாரும் என்னப் பாத்து சிரிச்சாங்க" என்றார்.

"உங்களப் பாத்து சிரிக்கல. படத்தப் பாத்து சிரிச்சாங்க. நீங்க வேற, படம் வேற. அத நீங்கதான் மறந்துட்டீங்க."

"நீ எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கைய நீட்டுவீங்க."

ஒரு பை நிறையத் துணியை எடுத்துக்கொண்டு நடந்தே இங்கே வந்தேன். டீச்சர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவரும் மண்டபத்தில் இருந்தாராம், கடைசி வரிசையில்.

உன் பாவாவைச் சங்கத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு தடவை வந்து கீழே நின்றார். முதல் தடவை வீட்டுக்கு வரச் சொன்னார், முடியாது என்றேன். இரண்டாம் தடவை காஜா பிரிந்த தன் சட்டையைக் கூடத்தில் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்களுடையதைப் போலவே தைத்து, அதற்கான கூலியை வாங்கிக்கொண்டேன். இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உனக்கு எழுதவும் மாட்டேன்.

என்னை ஹைதராபாத்துக்கு வந்துவிடு என்பாய். வரமாட்டேன். நான் இந்த ஊரில்தான் பேசினேன், இந்த ஊரில்தான் நடமாட வேண்டும். நேற்று காய்கறிக் கடையில் ஒருத்தி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பக்கத்தில் நின்றவள் என் கூடையில் இரண்டு கத்திரிக்காய் அதிகமாகப் போட்டாள்.

கௌஸின் அம்மாவிடம் சொல், பயந்தேன், ஆனாலும் பேசினேன் என்று.

உன் அக்கா

•

பாலகொல்லு
16 ஜூலை 2023

ஸ்ரவந்திக்கு,

நலம். முதுகுக்கு டீச்சர் ஒரு தைலம் கொடுத்திருக்கிறார். நாற்றம் தாங்கவில்லை, வலி தேவலை.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறி பீமவரத்துக்குப் போனேன். தனியாக. ஒரு டிக்கெட் என்றதும் கவுண்டரில் இருந்தவர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "யாரும் இல்லைங்க, நான் மட்டும்தான்" என்றேன். புது ஆட்கள் எடுத்த சின்னப் படம். அரங்கத்தில் ஒன்பது பேர். யாரும் சீட் மேல் ஏறவில்லை. எந்த இடத்தில் விசில் அடிக்க வேண்டும், எந்த இடத்தில் அழ வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் அரை மணி நேரம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

படம் சுமார்தான். இடைவேளைக்குப் பிறகு இழுக்கிறார்கள். மாமியாராக வரும் அம்மாள் மட்டும் ஒரு இடத்தில் ஒன்றும் பேசாமல் அரிசியைப் புடைப்பார். அங்கே கை தட்டினேன். அரங்கமே திரும்பிப் பார்த்தது. அதாவது எட்டுப் பேர். அப்புறமும் தட்டினேன்.

ஐந்து தாள் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நல்லதும் எழுதியிருக்கிறேன், கெட்டதும் எழுதியிருக்கிறேன். ஒரு வரியையும் வெட்டாமல் படி. தையற்காரி என்று சொல்ல வேண்டாம், நம் அப்பா வீட்டுப் பெயரோடு என் பெயரைச் சொல்.

ஏலேட்டி ஹைமாவதி,
பாலகொல்லு